ஸ்கேனில் 13 என்றால் ஆபரேஷனா?

கேள்வி: வயது 46, தையல் வேலை. ராத்திரியில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய் தூக்கம் கலைகிறது. கையை உதறினால் சரியாகிறது. மணிக்கட்டு ஸ்கேனில் 'மீடியன் நரம்பு 13 சதுர மி.மீ., கார்பல் டனல்' என்று எழுதியிருக்கிறார்கள். ஷாக் வைக்கும் டெஸ்ட்டும் எடுக்க வேண்டுமா? ஆபரேஷன்தானா?
– வாசகி, திருப்பூர்

பதில்: உதறினால் சரியாகிறது என்கிறீர்களே, பாதி நோய் அதிலேயே தெரிந்துவிட்டது. கார்பல் டனல் என்பது மணிக்கட்டில் உள்ள சுரங்கம். அதில் நெரிபடும் மீடியன் நரம்பு சுரங்கத்தின் வாசலில் வீங்கும். பொதுவாக 10 சதுர மி.மீ.யைத் தாண்டினால் சந்தேகம். 13 நல்ல வீக்கம்தான், ஒழுங்காக அளந்திருந்தால்.

சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டு மடிப்பருகே பட்டாணி போலத் தட்டுப்படும் எலும்பின் மட்டத்தில், ப்ரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியை) அழுத்தாமல் செங்குத்தாகப் பிடித்து, படத்தில் நரம்பைச் சுற்றிய வெள்ளை விளிம்புக்கு உட்பக்கமாகக் கோடு போட வேண்டும். விளிம்பையும் சேர்த்து வரைந்தால் 10 எளிதில் 12 ஆகிவிடும். ப்ரோப் சாய்ந்தாலும் அப்படித்தான். பக்கத்துத் தசைநாணை நரம்பென்று அளப்பவர்களும் உண்டு. விரலை மடக்கி நீட்டினால் தசைநாண் சறுக்கி ஓடும், நரம்பு அவ்வளவு ஓடாது.

சர்க்கரை இருந்தால் நரம்பு கை முழுக்கவே தடித்திருக்கலாம். முழங்கைப் பக்கமாக 12 செ.மீ. தள்ளியும் அளக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு அளவு அதைப்போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் நெரிசல் மணிக்கட்டில்தான்.

ஸ்கேன் நரம்பின் உருவத்தைக் காட்டும். அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஷாக் டெஸ்ட்தான் சொல்லும். உங்களுக்கு அவசரமில்லை. சுண்டுவிரலும் மரத்தாலோ, கழுத்து வலி இருந்தாலோ, ஆபரேஷன் பேச்சு வந்தாலோ எடுத்துவிடுங்கள். 13 என்ற எண்ணுக்காக யாரும் கத்தி எடுப்பதில்லை. கட்டைவிரல் அடிச்சதை வற்றுவதும் பகலிலும் விடாத மரப்பும்தான் அதற்குக் காரணங்கள். இப்போதைக்கு மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட்டை 6 வாரம் இரவில் கட்டிப் பாருங்கள்.

கேள்வி: கார்பல் டனல் ஆபரேஷன் முடிந்து 3 மாதம். ஸ்கேனில் இன்னும் 12 வருகிறது. தோல்வியா?
– வாசகர், மதுரை

பதில்: மரப்பு போயிருந்தால் தோல்வியே இல்லை. நெரிசல் நீங்கியும் நரம்பு பழைய அளவுக்குச் சுருங்காமல் நிற்பது சகஜம். ஆபரேஷனுக்கு முந்தைய ரிப்போர்ட்டைத் தேடியெடுங்கள். அதில் 17 இருந்திருந்தால் இந்த 12 நல்ல சேதி. மரப்பு அப்படியே இருந்தால் மட்டும், ஆபரேஷனில் வெட்டிவிடும், சுரங்கத்துக்குக் கூரையான தசைநார்ப் பட்டை உள்ளங்கைப் பக்க முனைவரை முழுதாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்று அதே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.