பாதி கம்ப்யூட்டர், பாதி கணக்கு: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகளுக்குக் கால் பாலி போமோனா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. பிசினஸ் கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். அவளே விரும்பிப் போட்டது. ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்கிறார் கணவர். இப்போது சேர்ந்துவிட்டு, அடுத்த வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. மே 1-க்குள் முடிவு சொல்லியாக வேண்டும். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சீனோ ஹில்ஸ், கலிபோர்னியா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் யோசனையை முதலில் ஓரமாக வையுங்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் இருப்பது சயின்ஸ் கல்லூரியில். போட்டி கடுமையான துறை. பின்வாசல் திறந்திருக்கும் என்று நம்பிச் சேர்ந்தால், இரண்டு வருடம் கழித்து இங்கும் மனம் ஒட்டாமல் அங்கும் இடம் கிடைக்காமல் நிற்பாள். சேர்ந்தால் இதைப் படிக்கவே சேர வேண்டும்.

சரி, இது பாதிப் படிப்பா? என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனிக்குப் புது மென்பொருள் போட்டுக் கொடுத்தோம். மூன்றாம் நாள் ஒரு பொருளின் இருப்பு மைனஸ் நாற்பது என்று காட்டுகிறது. கிடங்கில் போய்ப் பார்த்தால் பெட்டிகள் கூரையைத் தொடுகின்றன. நாங்கள் ஐந்து பேர் இரண்டு நாள் தூங்காமல் நிரலில் பிழை தேடினோம். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மா டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “லாரி வந்ததும் சரக்கை இறக்கி உடனே அனுப்பிடறாங்க. வரவுச் சீட்டு சாயங்காலம்தானே தம்பி போடறாங்க?” வரவு பதிவாகும் முன்பே செலவு பதிவாகியிருந்தது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள் எல்லோரும் நன்றாக நிரல் எழுதுகிறவர்கள்தான். ஒரு பில் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் மகள் படிக்கப்போவது அந்த அம்மாவின் அறிவையும் எங்கள் அறிவையும் சேர்த்து. கணக்குப்பதிவு, நிதி, வணிகச் சட்டம் ஒரு பக்கம்; டேட்டாபேஸ், நெட்வொர்க், நிரல், தகவல் பாதுகாப்பு இன்னொரு பக்கம். அமெரிக்காவில் 2002-இல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்த பிறகு, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகள் தங்கள் நிதிக் கணக்கு எழுதும் கணினி அமைப்புகளும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்று காட்ட வேண்டியிருக்கிறது. கணினி அமைப்புகளைத் தணிக்கை செய்யும் ஐடி ஆடிட் வேலை பெருகியது அப்படித்தான். அதற்கு இரண்டு பக்கமும் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

‘லேர்ன் பை டூயிங்’, அதாவது செய்து பார்த்துக் கற்றுக்கொள் என்று கால் பாலி போமோனாவில் எல்லாச் சுவரிலும் எழுதிவைக்காத குறை. விளம்பர வாசகம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மேற்கு மண்டலக் கல்லூரிகளின் சைபர் பாதுகாப்புப் போட்டியைப் பல வருடங்களாக நடத்தி வரும் வளாகம் அது. மாணவர் அணியிடம் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைக் கொடுத்துவிடுவார்கள். எதிரில் தாக்குவதற்கென்றே தொழில்முறை ஆட்கள், ‘ரெட் டீம்’. மெயில், வெப்சைட் எதுவும் விழக்கூடாது. அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதே மேலதிகாரியிடமிருந்து சீட்டு வரும்: பாஸ்வேர்டு விதிமுறை எழுதிக் கொடு, நடந்ததைப் பற்றி நிர்வாகத்துக்குப் புரிகிற மாதிரி ஓர் அறிக்கை கொடு. ‘இன்ஜெக்ட்’ என்பார்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு. கெட்டிக்கார நிரலாளர்கள் பலர் அந்தச் சீட்டில்தான் கோட்டை விடுவார்கள். கல்லூரியைச் சுற்றிப் பார்க்கப் போகும் நாளில் இந்தப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். வகுப்புக்கு மட்டும் போய் வருவதாக இருந்தால் இந்தப் படிப்பு கொஞ்சம் மெல்லிசுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குறையும் இருக்கிறது. அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், உயர் கணிதம் இவற்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் போகும் ஆழத்துக்கு இவள் போகமாட்டாள். கேம் எஞ்சின் எழுதவேண்டும், செயற்கை நுண்ணறிவில் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தால் இது தப்பான கதவு. மேற்படிப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும் எண்ணம் இருந்தால், வணிகத்துக்கான கால்குலஸோடு நிறுத்தாமல் முழுக் கால்குலஸையும் படித்து வைக்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மகள், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருந்தால், 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரலாம். அப்போது கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில், படிப்பின் வகையைக் குறிக்கும் சிஐபி எண் எது போட்டிருக்கிறது என்பது முக்கியம். அந்த எண் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால், படிப்புக்குப் பின் வேலை செய்யக் கிடைக்கும் 12 மாதத்தோடு இன்னும் 24 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். 11-இல் தொடங்குபவை கணினிப் பிரிவு, 52-இல் தொடங்குபவை வணிகப் பிரிவு. 52-இல் எல்லாமே ஸ்டெம் பட்டியலில் கிடையாது. பெயரில் ‘கம்ப்யூட்டர்’ இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மே 1-க்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மெயில் போட்டு, எண் என்ன என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கணவரை ஒருநாள் மகளோடு தனியாக உட்காரவைத்து, ‘ஏன் இதைப் போட்டாய்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லோருடைய கருத்தும் இருக்கிறது, அவளுடைய காரணம் மட்டும் இல்லை.