போன் இன்டர்வியூவும் அந்த 7 சதவீதமும்

"பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தானாம், மீதி 93 குரலும் உடல்மொழியுமாம். அப்போ போன் இன்டர்வியூவில் முகமே தெரியாமல் நான் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பயம் வேண்டாம்.

அது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளிவந்த தன் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. அவற்றில் யாரும் உரையாடவே இல்லை. ஒன்றில் ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்க வைத்தார்கள். மற்றதில் 'மேபி' (ஒருவேளை) என்ற ஒரே சொல்லோடு முகப் படங்களையும் காட்டினார்கள். பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா, இல்லையா என்று கணிக்க வேண்டும், அவ்வளவுதான். விருப்பு வெறுப்பைச் சொல்லும் பேச்சைத் தாண்டி இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். (பயிற்சி வகுப்புக்காரர்கள் அதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.) இன்டர்வியூவில் வரும் ஜிஎஸ்டி கேள்விக்கு முகத்தை வைத்தா பதில் சொல்ல முடியும்?

போனில் நிஜமான சிக்கல் மௌனம்தான். நேரில் யோசிப்பது முகத்தில் தெரிந்துவிடும்; போனில் லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்பார்கள். அதனால் "ஒரு நிமிஷம் சார், யோசித்துச் சொல்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இன்டர்வியூ எடுப்பவர் நீளமாகப் பேசினால் நடுநடுவே "சரிங்க சார்" போடுங்கள்; நீங்கள் தலையாட்டுவது அங்கே தெரியாது. அப்புறம், ஸ்பீக்கரில் போட்டுப் பேசாதீர்கள், எதிரொலிக்கும்.