ஏறிய டென்ஷன் எங்கே இறங்குகிறது?

மும்பை மாட்டுங்காவில் கூடிய தமிழ்க் குடும்பங்களின் சந்திப்பில், உறுப்பினர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு, நம்மில் ஒருவரான மனநல ஆலோசகர் அளித்த பதில்கள்.

டோம்பிவ்லியிலிருந்து தினமும் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) நிலையம் வரை லோக்கல் ரயிலில் சென்று வருகிறேன். அலுவலகத்தில் பொறுமையாக இருந்துவிடுகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பு கோணலாகக் கிடக்கிறது என்பதற்குக்கூடப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். ஏன் அம்மா இப்படி?

உங்கள் கோபத்துக்குச் செருப்பு காரணமன்று. காலையில் ரயிலில் ஏற முண்டியடித்த நேரத்திலேயே உங்கள் உடம்பு சண்டைக்கு ஆயத்தமாகிவிடுகிறது: அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது, கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ அமைந்த இந்த ஏற்பாடு, அந்த வேலை முடிந்ததும் தானே தணிந்துவிடும். ஆனால் கூட்டத்தில் கையைக்கூட அசைக்க முடியாமல் நின்று, மேலதிகாரி முன் சிரித்த முகத்தோடு இருந்து, மாலையில் மறுபடியும் அதே கூட்டத்தில் நின்று வரும் உங்களுக்கு அது எங்கேயும் முடிவதில்லை. பயமின்றிக் கோபப்படக்கூடிய முதல் இடம் வீடு என்பதால் அங்கே வெடிக்கிறது. ஆகவே ரயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஷேர் ஆட்டோ வரிசையில் நிற்பதற்குப் பதிலாக, முடிந்தவரை விறுவிறுவென்று நடந்து போங்கள். நடக்க இயலாத நாளில், கட்டடத்தின் கீழ் ஓரிடத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும், விடும்போது நிதானிப்பதையும் பலரால் விரலிலேயே உணர முடியும். 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடச் சொல்வது அதனால்தான். லோக்கலில் தாளம் தட்டி பஜனை பாடிக்கொண்டு வரும் குழுக்களைப் பார்த்து நீங்கள் முகம் சுளித்திருக்கக்கூடும் (தலைவலி நாட்களில் நானும் சுளித்ததுண்டு). பாட்டின் அடியை ஒரே மூச்சில் நீட்டிப் பாடும் அவர்கள், தம்மை அறியாமலே செய்வதும் இதே பயிற்சிதான்.

எனக்குப் பிரஷர் இருக்கிறது. டென்ஷன் இல்லாத நாட்களில் மாத்திரை தேவையில்லை அல்லவா?

தேவை. மருத்துவர் "ஹைப்பர்டென்ஷன்" என்றதை நீங்கள் டென்ஷன் என்றே எடுத்துக்கொண்டீர்கள் என நினைக்கிறேன்; அந்தச் சொல் குறிப்பது இரத்தக் குழாயில் உள்ள அழுத்தத்தை, மனத்தில் உள்ளதை அன்று. மனம் அமைதியாக இருக்கும்போதே அது 140/90க்கு மேல் நிற்கலாம். வலியோ மயக்கமோ காட்டாமலும் இருக்கலாம். மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் முடிவாகவே இருக்கட்டும். உப்பு மிகுந்த அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றை உங்களால் இன்றே குறைக்க முடியும்.

தாராவியில் இட்லி வியாபாரம் செய்கிறோம். இரவு 10 மணிக்குப் படுத்து 2 மணிக்கு எழுகிறேன். விடியும் முன் கணவர் இட்லியோடு கிளம்பிவிடுவார். கல்லூரியில் படிக்கும் மகன், தியானம் செய் என்கிறான். உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது.

தூக்கம் வந்தால் தூங்குங்கள் அம்மா. உங்களுக்கு இப்போது வேண்டியது தியானமன்று. வளர்ந்தவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும், உங்களுக்குக் கிடைப்பது 4. மீதி 3 மணி நேரத்தை, காலை விற்பனை முடிந்த பிறகு, ஜன்னலில் தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் தூங்கி ஈடு செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் அரிசி களைவதும் அண்டா கழுவுவதும் உங்கள் தலையில் விழுகின்றன என்று ஊகிக்கிறேன். குழியில் மாவு காய்ந்து ஒட்டிய இட்லித் தட்டுகளை வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு நீங்கள் படுத்துவிடுங்கள். தேய்ப்பது தியானம் சொன்ன மகனின் பொறுப்பாகட்டும். வேலையை யார் எவ்வளவு செய்வது என்று பேசாமல், பெண்களுக்கு மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஐரோலியில் ஐ.டி. வேலை. இரவு 11 மணிக்கும் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. படுத்தாலும் மூளை நிற்பதில்லை. மாலையில் இரண்டு மூன்று கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) குடிப்பேன்.

சாயிலிருந்து தொடங்குவோம். அதிலுள்ள, தூக்கத்தை விரட்டும் காஃபினில் பாதி, ஏறத்தாழ 5 மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கும். எனவே பிற்பகல் 3 மணியோடு நிறுத்திப் பாருங்கள். குழுவின் ஒலியை அடக்கிவிட்டு, உண்மையிலேயே அவசரம் என்றால் போன் செய்யுமாறு மேலாளரிடம் பகலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படி எத்தனை அழைப்பு வருகிறது என்று ஒரு மாதம் எண்ணினால், எது அவசரம் என்பது உங்கள் இருவருக்குமே புரியும். படுக்கும் முன் மறுநாள் வேலைகளைக் காகிதத்தில் எழுதி வைப்பதும் பலருக்கு உதவுகிறது.

ஒரு பெக் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறதே?

வரும்; பின்னிரவில் அதுவே கலைக்கும்.

மன அழுத்தம், மனச்சோர்வு இரண்டும் ஒன்றா? எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பத்திரிகைகள் இரண்டுக்கும் மன அழுத்தம் என்றே எழுதுவதால் வரும் குழப்பம் இது. கெடு முடிந்ததும், வாடகை கட்டியதும் இறங்கிவிடுவது அழுத்தம். காரணம் விலகிய பிறகும், அல்லது காரணமே தெரியாமல், 2 வாரமாக நாளின் பெரும்பகுதி மனம் வெறுமையாகி, பிடித்த எதிலும் நாட்டமின்றி, பசியும் தூக்கமும் மாறிவிட்டால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416; 24 மணி நேரமும் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். பக்கத்து வீட்டுப் பேச்சு சுவர் வழியே கேட்கும் சாலில் (வரிசை அறைக் குடியிருப்பில்) வசிப்பவர்கள், நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு கோயில் வாசலுக்கோ பூங்காவுக்கோ போய், அங்கிருந்து அழையுங்கள்.