வீட்டுக்கு வந்த குட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் லாப்ரடார் குட்டிக்கு இரண்டரை மாதம். அடுக்குமாடியில் மூன்றாவது தளம். வீடு முழுக்க உச்சா போகிறது. மூக்கை அதிலேயே தேய்த்துக் கண்டித்தாயிற்று, பினாயில் போட்டுத் துடைத்தாயிற்று. மறுபடி அதே மூலைதான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

முதலில் மூக்கைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். எப்போதோ போன உச்சாவுக்கு இப்போது அடி விழுகிறது என்பது குட்டிக்குப் புரியாது. "இவர்கள் எதிரே உச்சா போனால் ஆபத்து" என்பது மட்டும் நன்றாகப் புரியும். அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போய்ப் போகும்; வெளியே கூட்டிப்போனாலும் நீங்கள் பக்கத்தில் நிற்பதால் அடக்கிக்கொள்ளும்.

மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால், குட்டி அதிகபட்சம் எத்தனை மணி நேரம் அடக்கும் என்று தோராயமாகத் தெரியும். உங்கள் குட்டிக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். அதுவும் தூங்கும்போதுதான். விழித்து விளையாடும்போது அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை போகும். ஆகவே, தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்துக்குள், விளையாட்டு முடிந்ததும், இரவு படுக்குமுன்பும் கொண்டுபோக வேண்டும். நடத்திக் கூட்டிப்போனால் லிஃப்டிலேயே முடித்துவிடும், தூக்கிக்கொண்டு போங்கள்.

தடுப்பூசிகள் முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் மண்ணில் இறக்கிவிட வேண்டாம், குட்டிகளுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதுவரை பால்கனியில் ஒரு பெரிய தட்டில் புல்தரைத் துண்டு வைத்தால் போதும். செய்தித்தாள் பழக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காகிதம்தான் கழிப்பறை என்று பதிந்துவிட்டால், காலையில் வாசலில் விழும் பேப்பரும் தப்பாது.

இடத்தில் இறக்கிவிட்டு "உச்சா போ" என்று ஒரே தடவை சொல்லிவிட்டு, பேசாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். போய் முடித்த இரண்டு விநாடிக்குள், அங்கேயே, பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலி என்றுதான் எடுத்துக்கொள்ளும். போகவில்லையென்றால் உள்ளே கொண்டுவந்து, கயிற்றை உங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு, பத்து நிமிடத்தில் மறுபடி முயலுங்கள். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

சாப்பாடு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, குறித்த நேரத்தில். பதினைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். உள்ளே போவது நேரப்படி இருந்தால்தான் வெளியே வருவதும் நேரப்படி இருக்கும். ஆனால் உச்சாவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள், கோடையில் அது ஆபத்து.

பினாயில் வாடை நம் மூக்கைத்தான் ஏமாற்றும். அடியில் இருக்கும் சிறுநீர் வாடை குட்டிக்குத் தெளிவாகத் தெரியும். தவிர, ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் பினாயில் விஷம். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும், சிறுநீர் வாடையையே சிதைக்கும் என்சைம் திரவம் நல்லது. இல்லையேல் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். மார்பிள் தரையில் மட்டும் வினிகர் வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால் அது பழக்கக் குறை அல்ல, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி, என் ஆறு வயது மகளின் பாவாடையையும் காலையும் கடிக்கிறது. அவள் கத்திக்கொண்டு ஓடினால் இன்னும் துரத்திக் கடிக்கிறது.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

ஓடுவதைத் துரத்துவது வேட்டைநாயான அதன் ரத்தத்திலேயே ஊறியது. முயலும் பாவாடையும் அதற்கு ஒன்றுதான். மகளுக்கு ஒரே ஒரு வேலை சொல்லிக்கொடுங்கள்: குட்டி பாய்ந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு, மேலே பார்த்தபடி, அசையாமல் நிற்பது. அசையாத பொருளில் குட்டிக்கு விளையாட்டு இல்லை. பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள்.

பெரியவர்கள் கையில் பல் பட்டால், விளையாட்டை நிறுத்தி எழுந்து, அரை நிமிடம் முதுகைக் காட்டி நில்லுங்கள். பிறகு கடிக்கத்தக்க வேறு பொருளைக் கொடுங்கள். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். வெந்த எலும்பு வேண்டாம், சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வீட்டில் மூன்று பேர் இப்படிச் செய்ய, சித்தப்பா மட்டும் கையைக் கொடுத்து மல்லுக்கட்டினால் எல்லாம் வீண்.

கடி மாலையில்தான் அதிகமா என்று பாருங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம்வரை தூக்கம் வேண்டும். தூக்கம் போதாத குட்டி அடங்காமல் கடிக்கும்; இருட்டான மூலையில் படுக்க வையுங்கள். பால்பற்கள் 28-ம் நான்காம் மாதத்தையொட்டி விழத் தொடங்கி, ஆறேழு மாதத்தில் நிலைப்பற்கள் 42-ம் வந்துவிடும். அதுவரை கடிக்கும் ஆசை முற்றிலும் போகாது.

ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடாது. தோல் கீறி ரத்தம் வந்தால், "நம் வீட்டுக் குட்டிதானே" என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். குட்டிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும் வயதும் இதுதான்.

இரவில் தனியாகப் படுக்க வைத்தால் ஊளையிடுகிறது. அழவிட்டால் பழகிவிடும் என்கிறார்களே?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பழகாது, பயம்தான் கூடும். முதல் ஒன்றிரண்டு வாரம் படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள். பிறகு தினமும் ஓரடி, இரண்டடி தள்ளிக்கொண்டே போகலாம். நள்ளிரவில் அழுதால் உச்சாவாக இருக்கும்: விளக்குப் போடாமல், கொஞ்சாமல் கொண்டுபோய் வாருங்கள்.

நான்கு மாத ராஜபாளையம். பெயர் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவதில்லை. திமிரா?
– ஒரு வாசகர், விருதுநகர்

திமிர் என்று முடிவுகட்டுமுன் காதைச் சோதியுங்கள். வெள்ளை நிற ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, பின்னால், அதன் கண்ணில் படாமல் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். காது மடல்கூட அசையவில்லையென்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பினால் ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம். காது கேளாத நாயும் கைச்சைகையில் அருமையாகப் பழகும். ஆனால் வெளியே கயிறில்லாமல் விடக்கூடாது.

காது நன்றாக இருந்தால், குறை கூப்பிடும் முறையில் இருக்கும். ஊசி போட, குளிப்பாட்ட, கட்டிப்போட, திட்ட, எல்லாவற்றுக்கும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்கள். ஆகவே புதிதாக ஒரு சொல்லை எடுங்கள், "இங்க வா" போதும். ஐந்தடி தூரத்தில் குந்தி உட்கார்ந்து ஒரே முறை சொல்லுங்கள். வந்ததும் ஈரல் துண்டு. கழுத்துப்பட்டையைத் தொட்டுவிட்டு, உடனே மறுபடி விளையாட விடுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம், மூன்று தடவை. வீட்டுக்குள் பத்துக்கு ஒன்பது முறை வந்த பிறகே முற்றம், அதன் பிறகு பத்து மீட்டர் நீளக் கயிற்றோடு வெளியிடம். வராவிட்டால் இரண்டாம் முறை கூப்பிடாமல் எதிர்ப்பக்கம் ஓடுங்கள், துரத்திக்கொண்டு வரும். குளிப்பாட்ட வேண்டிய நாளில் இந்தச் சொல்லைத் தொடாமல், நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள்.