சரியாகிவிட்டால் பாட்டு வருமா?

அன்புள்ள சார்,

கனடா நாட்டுப் பாடகர் லெனார்ட் கோஹன் மும்பையில் தங்கியிருந்தது பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். என் மகனுக்கு அவர்தான் எல்லாம். வயது 22. கிடார் வாசிப்பான், பாட்டு எழுதுவான். ஆறு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால், “சரியாயிட்டா பாட்டு வராதுப்பா, கோஹனைப் பாரு” என்கிறான். அவன் சொல்வது உண்மையா?

ஒரு வாசகர், செம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதிதான் உண்மை. கோஹனுக்கு இளமையிலிருந்தே மனச்சோர்வு உண்டு, அவரே பல பேட்டிகளில் சொன்னதுதான். 1934இல் மான்ட்ரியலில் பிறந்தவர். கவிதையும் நாவலும் எழுதிப் பிழைக்க முடியாமல் பாட்டுக்கு வந்தார். முதல் ஆல்பம் 1967 கடைசியில் வந்தபோது அவருக்கு 33 வயது. அந்தக் குரலில் இருந்த இருட்டுதான் நம்மையெல்லாம் அவரிடம் இழுத்தது.

ஆனால் இருட்டு உட்கார்ந்து பாட்டு எழுதாது. ‘அல்லேலூயா’வை எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். அந்த ஒரு பாட்டுக்காக அவர் வருஷக்கணக்கில் நோட்டு நோட்டாக எழுதினார். நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில், உள்ளாடையோடு தரையில் உட்கார்ந்து, முடிக்க முடியவில்லையே என்று கம்பளத்தில் தலையை முட்டிக்கொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். அது இடம்பெற்ற 1984 ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி மறுத்துவிட்டது. ஜான் கேலும் அப்புறம் ஜெஃப் பக்லியும் பாடிய பிறகுதான் ஊர் திரும்பிப் பார்த்தது.

மகனிடம் ஒன்று கேளுங்கள். கோஹன் தன் சோர்வை எப்போதாவது பொத்திப் பொத்தி வளர்த்தாரா? தப்பிக்க வழி தேடிக்கொண்டேதான் இருந்தார். மருந்து சாப்பிட்டுப் பார்த்தார். 1994இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பால்டி மலையிலுள்ள ஜென் மடத்துக்குப் போய், குருவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து வருஷம் கிடந்தார். அங்கும் தீரவில்லை. 1999இல் மலையிறங்கி நம் ஊருக்கு வந்தார்.

இங்கே ரமேஷ் பல்சேகர் இருந்தார். பாங்க் ஆஃப் இந்தியாவின் உச்சிப் பதவி வரை போய் ஓய்வு பெற்றவர், கேத்வாடியில் பீடிக்கடை வைத்திருந்த நிசர்கதத்த மகராஜின் சீடர். பிரீச் கேண்டி பக்கத்துத் தன் ஃபிளாட்டில், காலையில் வருகிறவர்களோடு அத்வைதம் பேசுவார். கோஹன் கெம்ப்ஸ் கார்னரில் சின்ன ஹோட்டல் ஒன்றில் தங்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பார். சில வருஷங்கள் திரும்பத் திரும்ப வந்தார். நானும் ஒருநாள் மாட்டுங்கா ரோடில் ஸ்லோ ரயில் ஏறி, கிராண்ட் ரோடில் இறங்கி, அந்த வழியே நடந்து பார்த்தேன். மேம்பாலத்தடியில் டாக்ஸி ஹாரன், அதைத் தாண்டினால் கடல் பக்கத்து ஈரக்காற்று. உலகமே அறிந்த ஒரு மனிதர் இந்தச் சந்தடிக்குள் யாரோ ஒருவராக நடந்து போயிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

வாழ்நாள் முழுக்கக் கூட வந்த அந்தச் சோர்வு, அந்தக் காலத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது என்று பின்னால் சொன்னார். வயதாவதும் காரணமாக இருக்கலாம் என்றார்.

சரி, பாட்டு நின்றுவிட்டதா? ஒன்பது வருஷ இடைவெளிக்குப் பிறகு, 2001இல் பாடகி ஷாரன் ராபின்சனோடு சேர்ந்து பத்துப் பாட்டுகள் கொண்டுவந்தார். அவர் இருக்கும்போது வெளிவந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் 14. அதில் ஐந்து, சோர்வு விலகிய பின் வந்தவை. நடுவில் சேமிப்பெல்லாம் மேனேஜர் கையில் கரைந்து போனது உண்மை. மறுபடி மேடையேற அதுவும் ஒரு காரணம். ஆனால் 2008இல் 73 வயதில் வந்து நின்றவர் கடனே என்று பாடவில்லை. மூன்று மணி நேரம் பாடினார். மண்டியிட்டுப் பாடினார். பக்கத்தில் ஒருவர் தனியாக வாசிக்கும்போது தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு கேட்டார். குரல் அடியாழத்துக்கு இறங்கியிருந்தது. தொண்ணூறை நெருங்கிய வயதில் செம்மங்குடி பாடியதைக் கேட்ட நமக்கு, அந்தக் குரலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசி ஆல்பத்தின்போது முதுகெலும்பில் தாங்க முடியாத வலி. வீட்டு ஹாலிலேயே மருத்துவ நாற்காலியில் உட்கார்ந்து பாட, மகன் ஆடம் பதிவு செய்தார். தாத்தா தலைவராக இருந்த மான்ட்ரியல் யூத ஆலயத்தின் பாடகர் குழு கூடப் பாடியது. ஆல்பம் 2016 அக்டோபர் 21இல் வந்தது. நவம்பர் 7இல் போய்விட்டார், 82 வயதில்.

ஆறு மாதம் தூங்காத பிள்ளையை இனியும் விட்டுவைக்காதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாட்டேன் என்றால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை கிங்ஸ் சர்க்கிளுக்கு அவனை அழைத்து வாருங்கள், காபி குடித்துக்கொண்டே பேசலாம். கிடாரையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அவன் எழுதியதை நான் கேட்க வேண்டும்.