ரொம்ப நாள் காத்திருந்து ஏமாந்த கேம் எது? எனக்கு சிம்சிட்டி

"ஆசையாகக் காத்திருந்து, கைக்கு வந்ததும் 'இதற்காகவா?' என்று தோன்றிய வீடியோ கேம் தொடர்ச்சி எது?" என்பது கேள்வி.

பலரும் டியூக் நியூகெம் ஃபாரெவரைச் சொல்வார்கள். 1997-ல் அறிவித்து 2011-ல் வந்த கேம் அது. பதினான்கு வருடம் ஊறிய மாவு புளிக்காமல் என்ன செய்யும்? அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. என் பதில் 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி. அதோடு சேர்ந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

சிம்சிட்டி 4 வந்தது 2003-ல். எனக்கு அது கிடைத்தது மூன்று வருடம் கழித்து, ஹாஸ்டலில், எட்டுப் பேர் பங்கு போட்டு வாங்கிய ஒரே கம்ப்யூட்டரில். (சிடி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.) தெரியாதவர்களுக்கு: ஊர் கட்டுவதுதான் கேம். குடியிருப்புக்குப் பச்சை, கடைகளுக்கு நீலம், தொழிற்சாலைக்கு மஞ்சள் என்று நிலத்தில் வண்ணம் அடித்து, ரோடும் கரண்டும் தண்ணீரும் கொடுத்தால் ஜனங்கள் தானாக வந்து குடியேறுவார்கள். குப்பைக் கிடங்கை வீட்டுப் பக்கம் வைத்தால் கிளம்பிப் போய்விடுவார்கள். எங்கள் அறையில் சிவில் படித்தவன் ஒருவன் இருந்தான். அவன் போடும் ஜங்ஷன்களைப் பார்த்து மெக்கானிக்கல் பையன்கள்கூடச் சிரிப்பார்கள். "நாளைக்கு நீ நிஜமா ரோடு போட்டா நாங்க எல்லாரும் ரயில்லதான் போகணும்டா" என்று ஒருவன் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த கேமில் ஒரு ஊர் கட்டத் தரும் நிலத்தில், அதாவது மனையில், பெரியது என்றால் பக்கத்துக்கு 4 கிலோமீட்டர். அதை ஒட்டி அடுத்த ஊர், அதற்கடுத்து இன்னொன்று என்று ஒரு வட்டாரத்தையே நிரப்பலாம். உள்ளே தனித்தனி மனிதர்கள் என்று யாரும் கிடையாது. இத்தனை பேர் இந்த ரோட்டில் வேலைக்குப் போகிறார்கள் என்று மொத்தமாக ஒரு கணக்கு ஓடும். திரையில் தெரிகிற கார்கள் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். ஆனால் ராத்திரி விளக்கெல்லாம் எரியும்போது தூரமாகத் தள்ளிப் பார்த்தால், அது ஊர். சந்தேகமே வராது.

அடுத்த பெரிய சிம்சிட்டிக்குப் பத்து வருடம் ஆனது. நடுவே 2007-ல் வேறொரு ஸ்டுடியோ செய்த சிம்சிட்டி சொசைட்டீஸை ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. புதியதை, பழைய சிம்சிட்டிகளைச் செய்த மேக்ஸிஸே செய்தது. கிளாஸ்பாக்ஸ் என்று ஒரு எஞ்சின், அதாவது கேமை உள்ளிருந்து ஓட்டும் நிரல். இனி ஒப்புக்குக் காட்டும் கார்கள் இல்லை, நடந்து போகும் ஒவ்வொரு ஆளும் நிஜமாகவே கணக்கில் இருக்கும் ஆள். தண்ணீர், கரண்ட், சாக்கடைக் கழிவுகூடத் தனித்தனித் துகள்களாக ரோட்டின் கீழே ஓடும் என்றார்கள். டிரெய்லரைப் பார்த்து வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன்.

வெளியான கதை எல்லோருக்கும் தெரியும். தனியாக விளையாடவும் இணையம் எப்போதும் வேண்டும். முதல் வாரத்தில் சர்வர்கள் படுத்தன, காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சுமை குறைக்க, கேமில் நேரத்தை வேகமாக ஓட்டும் வசதியையே சிறிது காலம் எடுத்துவிட்டார்கள். அமேசான் டவுன்லோடு விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. பிறகு மன்னிப்பாக இன்னொரு கேம் இலவசம். நான் அப்போது வாங்கவில்லை. வீட்டில் இணையத்துக்கு இருந்தது ஒரு டாங்கிள். மழை பெய்தால் மெயில்கூடத் திறக்காது. "எப்போதும் ஆன்லைன்" என்று படித்ததுமே கும்பிடு போட்டுவிட்டேன்.

கணக்கெல்லாம் சர்வரில் நடக்கிறது, அதனால்தான் இணையம் கட்டாயம் என்று விளக்கம் வந்தது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கேம் கொஞ்ச நேரம் ஓடியதைப் பலர் காட்டினார்கள். 2014 மார்ச்சில் இணையமே இல்லாமல் ஓடும் வசதியைக் கம்பெனியே ஒரு பேட்ச்சாக, அதாவது பின்னால் சேர்க்கும் திருத்தமாகக் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் நான் வாங்கினேன். அதாவது சர்வர் தொந்தரவு எதையும் படாமல், ஆற அமர விளையாடியவன் நான். அப்படியும் ஏமாற்றம்தான். அதனால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். சர்வரைத் திட்டியவர்கள் நிறையப் பேர், கேமின் உள்ளே இருந்த ஓட்டையைப் பேசியவர்கள் குறைவு.

முதலில் இடம். மனை பக்கத்துக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். சிம்சிட்டி 4-ன் நடுத்தர மனை அவ்வளவுதான். ஒரு சாயங்காலத்தில் நிரம்பிவிடும். அப்புறம் கட்டியதை இடித்துக் கட்டு, மறுபடி இடி.

அடுத்து அந்த "நிஜ" மனிதர்கள். காலையில் ஒருவர் வீட்டிலிருந்து கிளம்புவார், எந்த வேலை கிட்டத்தில் காலியாக இருக்கிறதோ அங்கே போவார். சாயங்காலம் திரும்பும்போது எந்த வீடு கிட்டத்தில் காலியோ அதில் நுழைவார். நேற்றைய வேலையும் இல்லை, நேற்றைய வீடும் இல்லை. ஒருநாள் ஒரு ஆளைப் பிடித்துப் பின்தொடர்ந்தேன். மறுநாள் வேறு தெருவில் வேறு வீட்டில் இருந்தார். சத்திரத்தில் தங்குகிறவர்கள்கூட இதைவிட நிலையாக இருப்பார்கள். எல்லோரும் குறுக்கு வழியையே பிடிப்பார்கள், பக்கத்தில் அகலமான ரோடு காலியாகக் கிடந்தாலும். இதைச் சரிசெய்யப் பேட்ச்கள் வந்தன, கொஞ்சம் தேறியது.

இதைவிடப் பெரிய வேடிக்கை மக்கள்தொகை. ஊர் சற்று வளர்ந்ததும் திரையில் காட்டும் எண்ணிக்கை, உள்ளே உண்மையில் நடமாடும் ஆட்களைவிடப் பல மடங்காகிவிடும். நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதற்கென்றே ஒரு கட்டளை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் "பூசி மெழுகிய மக்கள்தொகை" என்று வரும். எழுதியவருக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது போல.

பழைய கேம் ஆட்களைக் கணக்காக வைத்து ஊரை நம்பவைத்தது. புதியது ஆட்களை ஆட்களாக வைக்கப் போய், அவர்களுக்கு இடம் போதாமல் ஊரைச் சுருக்கி, எண்ணிக்கையையும் ஊதிப் பெருக்க வேண்டியதாயிற்று. என்னுடைய புகார் இவ்வளவுதான்.

2015 மார்ச் 4-ம் தேதி, அமெரிக்காவின் எமரிவில்லில் இருந்த மேக்ஸிஸ் ஸ்டுடியோவை மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஆறு நாள் கழித்து, மார்ச் 10, இதே மாதிரி ஊர் கட்டும் கேமான சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் வெளியானது. பின்லாந்தின் தாம்பெரே நகரத்தில் ஒரு டஜன் சொச்சம் பேர் வேலை செய்த கொலோசல் ஆர்டர் என்ற சின்னக் கம்பெனி செய்தது. அதில் தொடக்கத்தில் கையில் கொடுக்கிற ஒரே ஒரு மனை கிட்டத்தட்ட சிம்சிட்டியின் முழு ஊர் அளவு. அப்படி ஒன்பது வாங்கலாம். மாட்கள் (ரசிகர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றங்கள்) போட்டால் இன்னும் மேலே. முதல் நாளிலேயே 2.5 லட்சம் பிரதிகள் விற்றன. இங்கேயும் தனித்தனி ஆட்கள்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வேலை என்று நிரந்தரமாக உண்டு. குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே சமயத்தில் குடிவந்தவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வயதாகிச் செத்து, ஊர் முழுக்க அமரர் ஊர்திக்கு அடிதடி நடக்கும். அதுவும் ஒரு அழகுதான்.

இப்போது அந்த இன்னொன்று. 2023 அக்டோபரில் ஸ்கைலைன்ஸ் 2 வந்தது. நினைத்த வேகத்தை கேம் எட்டவில்லை என்று வெளியிடும் முன்பே கம்பெனியே ஒப்புக்கொண்டது. நல்ல கிராபிக்ஸ் கார்டுகளே திணறின. காரணம் தேடியவர்கள் கண்டுபிடித்தவற்றில் ஒன்று: தெருவில் எறும்பு மாதிரி தெரியும் ஒவ்வொரு ஆளின் வாய்க்குள்ளும் பற்கள் முழுசாகச் செதுக்கப்பட்டிருந்தன. தூரத்தில் இருந்து பார்க்கும்போது உருவத்தை எளிமையாக்கும் ஏற்பாடு அந்த ஆட்களுக்கு இல்லை. அதே நேரம், கஜானா காலியாக விடாமல் அரசு மானியம் கொட்டிக்கொண்டே இருந்ததால் ஊரைத் திவாலாக்குவதே கஷ்டம். மானியத்தை எடுக்க 2024 ஜூன் வரை ஆனது. பல் இருந்தது, பட்ஜெட் இல்லை! சிம்சிட்டியின் தடுமாற்றத்தில் வாழ்வு பெற்றவர்களே அதே பள்ளத்தில் விழுந்தார்கள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். 2026 முதல் அந்த கேம் கொலோசல் ஆர்டரிடமிருந்து ஐஸ்ஃப்ளேக் என்ற ஸ்டுடியோவுக்குக் கைமாறும் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள்.

எதை வாங்கலாம் என்று கேட்டால், லேப்டாப் சுமாரானது என்றால் முதல் ஸ்கைலைன்ஸ், ரொம்பப் பழசு என்றால் சிம்சிட்டி 4. ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் தள்ளுபடிக் காலத்தில் மலிவாகவே கிடைக்கும். ஒன்று மட்டும்: 4-ஐ இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரின் ஒரே கோரில் ஓடும்படி அமைத்துவிட்டுத் திறங்கள். இல்லையென்றால் சேமிக்காத ஊரோடு பாதியில் மூடிக்கொள்ளும். எனக்கு இரண்டு தடவை ஆயிற்று.