நடித்துக் காட்டுவதை நிறுத்துங்கள்

கேள்வி: நான் திருச்சியில் வங்கி ஊழியன். எங்கள் குழுவுக்காக முதல்முறையாக ஒரு நாடகத்தை இயக்குகிறேன். பூர்வீக வீட்டை விற்பது பற்றிய கதை, ஒன்பது நடிகர்கள். ஒரு மாதமாக மொட்டை மாடியில் ஒத்திகை நடக்கிறது. ஒவ்வொரு வசனத்தையும் நானே நடித்துக் காட்டுகிறேன். அப்படியே செய்கிறார்கள், ஆனால் உயிர் இல்லை. பாதிப் பேர் கையில் இன்னும் பிரதி. அப்பா வேடத்தில் நடிக்கும் மூத்தவர், “நீ பிறப்பதற்கு முன்பே மேடை ஏறியவன் நான்” என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அரங்கேற்றத்துக்கு 24 நாட்களே இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: அன்புத் தம்பி, 24 நாட்கள் போதும். ஆனால் இன்று மாலையிலிருந்தே நடித்துக் காட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

நடித்துக் காட்டிக் கற்பிப்பது நம் மரபில் உண்டு. 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சிறுவர் நாடகக் குழுவான பால சபையில், பின்னாளில் பெயர்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது அவர்கள் சிறு பிள்ளைகள். பாட்டையும் வசனத்தையும் வாத்தியார் வாயிலிருந்து வாங்கித்தான் ஆகவேண்டிய வயது. உங்கள் நடிகர்களோ வளர்ந்தவர்கள்; வீடு, கடன், அண்ணன் தம்பிச் சண்டை எல்லாம் பார்த்தவர்கள். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு உங்கள் குரலைப் பிடிக்க முயல்கிறார்கள். உயிர் எங்கிருந்து வரும்? என் இரண்டாவது நாடகத்தில் நானும் இப்படித்தான் செய்தேன். அரங்கேற்றத்தன்று ஒரு பெண் கையை உயர்த்தியபோது அது என் கை என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் செய்த அநியாயம் இன்றும் உறுத்துகிறது.

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே 1898-இல் எழுத்தாளர் செகாவின் நாடகம் ஒன்றுக்கு ஒவ்வோர் அசைவையும், ஒவ்வொரு மௌனத்தையும் ஒத்திகைக்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டார். நாடகம் பெரும் வெற்றி பெற்றது. ஆனாலும் பிற்காலத்தில் அந்த முறையைக் கைவிட்டு, பாத்திரம் இந்த இடத்தில் என்ன செய்யப் பார்க்கிறது என்பதை நடிகரே செய்து கண்டறியும் வழிக்கு வந்தார்.

உங்கள் கதையிலேயே பாருங்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி மகன் பேனாவை நீட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். “இன்னும் சோகமாகச் சொல்லுங்கள்” என்றால் அப்பாவாக நடிப்பவர் குரலைத்தான் இழுப்பார். “அந்தப் பேனாவை வாங்காமல் தப்பிக்க என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். மூக்குக் கண்ணாடியைத் தேடுவார், தண்ணீர் கேட்பார், பேத்தியைக் கூப்பிடுவார். மூன்றையும் செய்து பார்க்கவிட்டு, பொருந்துவதை வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையது. அது எளிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கு நிஜப் பேனா, நிஜ டம்ளர், நிஜ நாற்காலி இன்றே வேண்டும். கடைசி நாளில் கொடுத்தால் கை தடுமாறும்.

பிரதியைக் கீழே வைக்க நாள் குறியுங்கள். முதல் பாதிக்கு இன்றிலிருந்து ஐந்தாம் நாள், மீதிக்குப் பத்தாம் நாள். மறந்தால் எடுத்துக்கொடுக்க ஒருவர் பிரதியுடன் உட்காரட்டும். ஆரம்பத்தில் தடுமாறுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் தாள் இருக்கும்வரை எதிரே நிற்பவர் முகத்தை யாரும் பார்க்க முடியாது.

அரங்கத்துக்குப் போய் மேடையை அளந்து வாருங்கள். அதே அளவை மாடியில் சாக்பீஸால் வரைந்து, வாசல் எங்கே, திண்ணை எங்கே என்று குறித்துவிடுங்கள். ஒன்பது பேரையும் தினமும் வரவழைக்காதீர்கள். வேலை முடிந்து வந்தவர்களை இரண்டு மணி நேரம் சும்மா உட்காரவைத்தால் அவர்களுக்கு நாடகத்தின் மீதே வெறுப்பு வந்துவிடும். அந்தந்தக் காட்சிக்கு உரியவர்கள் மட்டும் வந்தால் போதும்.

கடைசி ஆறு நாட்கள் இடையில் நிறுத்தாமல் முழு ஒத்திகை. நீங்கள் கடைசி வரிசை இருக்கும் தூரத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் உரியதை முடிந்தபின் சுருக்கமாகச் சொல்லுங்கள், ஒருவருக்கு மட்டும் உரியதைத் தனியாக. அரங்கம் கிடைக்கும் நாளில் முதலில் ஒளிக்கும் ஒலிக்கும் மட்டும் ஓர் ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். அன்று நடிப்பைத் திருத்தவே திருத்தாதீர்கள். உடை ஒத்திகையில் எல்லாரும் மேடையில் அணியப்போகும் அதே வேட்டி, சேலையில் உட்கார்ந்து எழுந்து பழக வேண்டும்.

மூத்தவர் சொன்னது உங்களைச் சுட்டிருக்கும். ஆனால் அத்தனை வருடம் மேடை ஏறியவரிடம் வசனத்தை இப்படிச் சொல்லுங்கள் என்று நடித்துக் காட்டியது அவரை எவ்வளவு சுட்டிருக்கும்! நாளை ஒத்திகைக்கு அரை மணி நேரம் முன்பாக அவரை மட்டும் தேநீர் குடிக்க அழைத்துப் போங்கள். “ஐயா, இனிமேல் நடித்துக் காட்ட மாட்டேன். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவது எப்படி என்று இளையவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஒத்திகை நடக்கும்போது மட்டும் திருத்தம் என் வாயிலிருந்து வரட்டும்” என்று நேராகச் சொல்லுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். அன்று ஒத்திகை கால் மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை.